வைக்கோல் ஹைலாஸ்

மூக்கு பெரிதாகிவிட்டது என்று ஒருவன் சொன்னான். மெழுகில் முகம் செய்தவன் அதைக் கிள்ளிக் கிள்ளிக் கடைசியில் கொண்டைக்கடலை அளவுக்குக் கொண்டுவந்து விட்டான். வைக்கோல் திணித்த உடம்பு, மெழுகு முகம். இதுதான் ஹைலாஸாம். அவன் அக்கா லாலகே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து வருஷமாகத் தம்பியைச் சங்க விருந்துகளில் கதவோரம் உட்கார வைத்தவர்களுக்கு அவன் மூக்கு எப்படித் தெரியும்?

ஹைலாஸ், வாரெனஸ் வீட்டு மாவு ஆலையில் அடிமை. முந்தின நாள் காய்ச்சலில் போய்விட்டான். செத்த அடிமையை ஊருக்கு வெளியே குழியில் வீசுவார்கள். அதற்குப் பயந்துதான் அவன், மாதாமாதம் காசு கட்டினால் செத்தபின் முறைப்படி அடக்கம் செய்துவைக்கும் தயானா தேவி சங்கத்தில் சேர்ந்திருந்தான்.

"என் தம்பி பொணம் எங்க?" என்று கேட்டாள்.

சங்கத் தலைவர் சால்வியஸ் கோயில் சுவரில் பதித்திருந்த கல்லைக் காட்டினார். விதிகளைக் கல்லில் வெட்டி வைத்ததில் அவருக்கு அப்படியொரு பெருமை.

"ஒனக்குப் படிக்கத் தெரியாதுல்ல, நான் சொல்றேன் கேளு. எசமான் பொணத்தைத் தர மறுத்தா, உருவம் செஞ்சு வெச்சு எல்லா மரியாதையும் பண்ணணும். ஒரு கொறையும் வெக்க மாட்டோம், தங்கச்சி."

"தர மாட்டேன்னாரா?"

"பெரிய மனுஷங்க கோவமெல்லாம் ஒனக்கு என்ன தெரியும்!"

ஊர்வலம் கிளம்புமுன் பாடையை யார் தூக்குவது என்று ஒரு சண்டை. உயிரோடு இருந்தபோது ஹைலாஸ் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றவனே முதல் ஆளாகத் தோள் கொடுத்தான். வைக்கோல் கனக்காது அல்லவா.

வாரெனஸ் வீட்டு வாசலைத் தாண்டும்போது காவல்காரன் எட்டிப் பார்த்தான்.

"யாருப்பா செத்தது?"

"ஒங்க வீட்டு ஹைலாஸ்தான். நான் அவன் அக்கா," என்றாள் லாலகே.

"ஹைலாஸா? அவன் இங்க கழுதைக் கொட்டாய்ல இல்ல கெடக்கான்! சங்கத்துக்காரங்க வந்து கேட்டா குடுத்துடுன்னு எசமான் நேத்தே சொல்லிட்டாரு. ஒரு ஈ காக்கா வரல. பொழுது சாயறதுக்குள்ள குழிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்காங்க."

ஊர்வலத்தின் முன்னால் குழல் ஊதி வந்தவன் ஊதுவதை நிறுத்திவிட்டான்.

"நீங்க போய்க் கேக்கவே இல்லியா?"

சால்வியஸ் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் நம்ம விருந்துக்கு அவரைத்தான் தலைமை தாங்கக் கூப்பிட்டிருக்கோம், தங்கச்சி. இந்த நேரத்துல போயி, ஒரு அடிமைப் பொணத்தைக் குடுங்கன்னு..."

"தூ!"

அது அவர் செருப்பின் மேல் விழுந்தது.

"பாடையை எறக்குங்க."

இறக்கினார்கள். அவள் பாடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துச் சாய்த்தாள். பொம்மை உருண்டு தெருவில் குப்புற விழுந்தது. பாடையின் மறுமுனையைக் காவல்காரன் வந்து பிடித்துக்கொள்ள, இருவரும் உள்ளே போனார்கள். குழல்காரன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவர்கள் பின்னால் நடந்தான்.

தலையில் பூ வளையத்தோடு பொம்மையைச் சுற்றி நின்ற சங்கத்தாருக்கு, அதைத் தூக்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கல்லில் அது எழுதியிருக்கவில்லை.