இரண்டு குதிரைகளுக்கு நடுவே ஒரு கயிறு

1

இந்தக் கதை என்னிடம் வந்தபோது என் வாய் மரத்துப்போயிருந்தது.

கொலோனில் நான் போகிற பல் வைத்தியரிடம் உதவியாளராக இருப்பவள் டெல்சி. யாழ்ப்பாணத்துப் பாஷையூரில் பிறந்து, பள்ளிக்கூடப் பிள்ளையாக ஜெர்மனிக்கு வந்தவள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். வைத்தியர் எனக்கு ஊசி போட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போயிருந்தார். தாடை நன்றாக மரக்கும்வரை சும்மா கிடக்க வேண்டும். டெல்சி கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"அக்கா, நீங்கள் கதை எழுதுறனீங்களாம். நான் ஒண்டு சொல்லட்டே? நான் குதிரை ஓடுறனான்."

நான் சேலத்துக்காரி. எங்கள் ஊரில் ஓடுவது குதிரைதான், மனிதர்கள் அதன்மேல் ஏறிப் போவார்கள். சைக்கிள் ஓடுவதுபோல, கார் ஓடுவதுபோல இவர்கள் குதிரையும் ஓடுவார்கள் என்பது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்த பிறகு கேட்க நூறு கேள்வி இருந்தது. வாயிலிருந்து எச்சில்தான் வந்தது. அவள் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். குளிர்காலம், காடு, இரண்டு குதிரைகள், ஹெல்கா என்றொரு வயதான பெண்மணி, ஒரு சாலை. சாலைக்கு வந்த இடத்தில் வைத்தியர் திரும்பி வந்துவிட்டார்.

பல் சரியாகிவிட்டது. சாலையில் என்ன நடந்தது என்ற கேள்விதான் குடைந்துகொண்டே இருந்தது.

2

முழுக்கக் கேட்பதற்கு முன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

பனி போர்த்திய காட்டின் நடுவே, வெள்ளைக் குதிரைமேல், ஒரு தமிழ்ப் பெண்—

இது நாட்காட்டிப் படம். விட்டுவிட்டேன்.

குதிரைக்கும் மனிதனுக்குமான உறவு பல்லாயிரம் ஆண்டுகள்—

இது யாருடைய கதை? எனக்கே கொட்டாவி வந்தது.

கடைசியில் டெல்சியையே கூப்பிட்டுக் கேட்டேன். ஒன்பதாம் எண் டிராம் போய் நிற்கிற கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியில் சந்தித்தோம். அங்கிருந்து காடு தொடங்குகிறது. அவளுடைய பூட்ஸில் முழங்கால்வரை சேறு. நான் எழுதிய பனிக்காட்டைப் பற்றிச் சொன்னேன். இங்கே பனி எங்கே கிடக்கிறது, சேறுதான் என்றாள்.

அவள் குதிரைக்கு வந்தது மகளால். மகள் கவிசா சின்னப் பெண்ணாக இருந்தபோது குதிரைதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். டெல்சி அவளை லாயத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் காரிலேயே ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் ஹெல்கா கார்க் கண்ணாடியைத் தட்டி, சும்மா இருக்கிற ஆள் வந்து இந்தக் குதிரையைக் கொஞ்சம் பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். டெல்சி போய்ப் பிடித்தாள். அந்தக் குதிரையின் பெயர் மோரிட்ஸ். கவிசா பிறகு குதிரையை விட்டுக் கைப்பந்துக்குப் போய்விட்டாள். டெல்சி போகவில்லை.

3

ஹெல்காவை நான் முதலில் கண்டிப்பான ஜெர்மன் மூதாட்டியாக எழுதினேன். மெல்லிய உதடு, இறுக்கமான கொண்டை, குறையாத கட்டளைகள். டெல்சி வாசித்துவிட்டுச் சிரித்தாள். ஹெல்காவுக்குக் கொண்டையே இல்லையாம். பழைய சினிமாப் பாட்டுகளைக் குதிரையின் காதில் முணுமுணுப்பாளாம், எந்நேரமும் கோட்டுப் பையில் கேரட் வைத்திருப்பாளாம். கணவன் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது இரண்டு குதிரைகள்: தன்னுடைய சாம்பல்நிறப் பெண்குதிரை லீசலும், மோரிட்ஸும். மகன் பீலிக்ஸ் டுசெல்டோர்ஃபில் இருக்கிறான். அவனுக்குக் குதிரை ஆகாது.

(ஒரு பக்கக் குறிப்பு. ஹெல்கா பேசுவது ஜெர்மன். ஆனால் அவள் சொன்னதெல்லாம் எனக்கு டெல்சி வழியாகத்தான் வந்தது. அதனால் இந்தக் கதையில் கொலோன்காரியான ஹெல்கா யாழ்ப்பாணத் தமிழ் பேசுவாள். திருத்திப் பார்த்தேன், ஹெல்கா காணாமல் போய்விட்டாள். அவர்களுக்குள் ஜெர்மன் 'நீ'யான 'டூ' போட்டுத்தான் பேசிக்கொள்வார்கள். ஹெல்கா சொன்ன 'டூ'வை டெல்சி 'நீர்' என்கிறாள். எங்கள் சேலத்தில் நீர் என்றால் தண்ணீர்தான். நீயைவிட ஒரு படி மேலும் நீங்களைவிட ஒரு படி கீழுமாக அப்படியொரு நடுவிடம் இருப்பது எனக்குப் பிடித்துப்போனது. வைத்துக்கொண்டேன்.)

குளிர்காலத்தில் ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். குதிரைக்கு டிசம்பர் என்று தெரியுமோ என்றாள் டெல்சி. நடக்காவிட்டால் அதற்குக் கால் வீங்கும், வயிறு கெடும். அதனால் சனியும் ஞாயிறும் இருவரும் காட்டுக்குள் போய்வருவார்கள். கடிவாளத்தின் இரும்பை முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்க வேண்டும். குளிரில் கிடந்த இரும்பை அப்படியே வாயில் வைப்பது பாவம். ஈரப்பனி குளம்புக்குள் உருண்டையாக இறுகிவிடும், அதற்குக் கொழுப்புத் தடவ வேண்டும். கால்களில் ஒளிரும் பட்டி. அப்புறம் நம்பர் தகடு. இந்த மாநிலத்தில் காட்டுக்குள் போகிற குதிரைக்கு, காருக்குப்போலத் தகடு உண்டு. இதை நான் நம்பவில்லை. கைபேசியில் படம் காட்டினாள்: மோரிட்ஸின் காதுக்குக் கீழே, மஞ்சளாக, எண்ணோடு.

கேட்டுக்கொண்டே இருந்திருப்பேன். "சாலைக்கு வாறன் அக்கா" என்றாள் அவளாகவே.

4

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மாலை மூன்று மூன்றரை இருக்கும். விழுந்த பனி, நிழல் விழும் இடங்களில் மட்டும் மிச்சமிருந்தது. இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். லீசல் முன்னால், மோரிட்ஸ் பின்னால். எப்போதும் ஹெல்காதான் முன்னால் போவாள்.

காட்டுப் பாதை ஓரிடத்தில் தார்ச்சாலையைக் கடக்கிறது. அங்கே ஹெல்கா நிறுத்துவாள், இடமும் வலமும் தலையைத் திருப்புவாள், கையைத் தூக்குவாள். பிறகு கடப்பார்கள். அன்றும் நிறுத்தினாள். தலையைத் திருப்பினாள். கையைத் தூக்கினாள். சூரியன் தாழ்ந்து, ஈரச் சாலை முழுக்கக் கண்ணைக் கூசவைத்தது. அந்தக் கூச்சத்துக்குள்ளிருந்து வெள்ளிநிறக் கார் ஒன்று வந்துகொண்டிருந்தது. டெல்சி அதைப் பார்த்தாள். ஹெல்கா லீசலைச் சாலையில் இறக்கினாள்.

டெல்சி தன் உயிரைப் பொருட்படுத்தாமல் குதிரையோடு பாய்ந்து—

இல்லை. "நான் ஒண்டும் செய்யேல்லை அக்கா. கத்தினனான். அவ்வளவுதான்."

கார் ஹாரனை அழுத்திக்கொண்டே லீசலைச் சுற்றி வளைந்து போய்விட்டது. நிற்கவில்லை. லீசல் மிரண்டு பின்னால் துள்ள, சாலையோர உறைபனியில் அதன் பின்னங்கால்கள் வழுக்கின. நாய் உட்காருவதுபோல உட்கார்ந்துவிட்டது. ஹெல்கா சரிந்து, பக்கத்துப் பள்ளத்தில் கிடந்த பனியில் விழுந்தாள்.

டெல்சி இறங்கி, ஒரு கையில் மோரிட்ஸையும் எழுந்துகொண்ட லீசலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை ஹெல்காவிடம் நீட்டினாள். ஹெல்கா உடனே அதைப் பற்றவில்லை. அவள் கை காற்றில் தடவியது. மோரிட்ஸின் காலைத் தொட்டது. பிறகு டெல்சியின் சட்டைக்கை அகப்பட்டது.

"லீசலுக்குக் காயமோ? பாத்துச் சொல்லும்."

"நீங்களே பாருங்கோவன்."

"எனக்கு ஏலாது."

பள்ளத்தில் உட்கார்ந்தபடியே ஹெல்கா சொன்னாள். கண்ணின் நடுப்பகுதி போய்விட்டது. பார்க்க நினைக்கிற இடத்தில் ஒரு மங்கல்தான் இருக்கும். சுற்றிவர இருப்பது தெரியும். குதிரைகளைத் தொட்டு அறிவாள். ஆட்களைக் குரலில் அறிவாள். வழி லீசலுக்குத் தெரியும்.

"டெல்சி, உம்மட முகத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை."

நான்கு குளிர்காலம் ஒன்றாகப் போயிருக்கிறார்கள். இந்த வாக்கியத்துக்குப் பிறகு நான் என்ன எழுதினாலும் அது—

விடுகிறேன்.

5

லீசலுக்குக் காயமில்லை. இருவரும் குதிரைகளை நடத்திக்கொண்டே லாயத்துக்கு வந்தார்கள். வழியில் ஹெல்கா ஒன்று கேட்டாள்: பீலிக்ஸுக்குச் சொல்லக் கூடாது. தெரிந்தால் அவன் அன்றைக்கே இரண்டு குதிரைகளையும் விற்றுவிடுவான்.

எனக்கு டெல்சிமேல் சந்தேகம் வந்த இடம் இது. விற்றால் ஹெல்காவுக்கு லீசல் போகும், சரி. டெல்சிக்கு மோரிட்ஸும் போகும். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது யாருக்காக? பேக்கரியில் கேட்டேவிட்டேன். அவள் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சீனி எப்போதோ கரைந்துவிட்டது.

"ரெண்டு பேருக்காகவும்தான் அக்கா. பொய் சொல்ல ஏலாது."

கதாபாத்திரம் இப்படி நேராகப் பதில் சொல்லிவிட்டால் எழுதுகிறவளுக்கு வேலை இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: டெல்சி பீலிக்ஸைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறாள். குதிரைகள் வண்டியில் ஏறிப் போகின்றன. அதன் பிறகு ஹெல்கா இவளோடு பேசுவதில்லை. டெல்சி ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைக்கிறாள்.

இரண்டு: டெல்சி சொல்லவில்லை. அடுத்த கார் நிற்காமல்—

இரண்டையும் அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டு, இரண்டும் பிழை என்றாள். உண்மையில் அவள் செய்தது இது. லீசலின் தலையணியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் வைத்துக்கொண்டாள். இனிமேல் மோரிட்ஸ்தான் முன்னால்; லீசல் பக்கவாட்டில், கயிற்றில். சாலை வந்தால் குதிரையைவிட்டு இறங்கி, நடத்திக் கடப்பது. கூடவே ஹெல்காவிடம் சொன்னாள், ஒரு மாதத்துக்குள் நீங்களே மகனுக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்லுவேன் என்று. ஹெல்கா ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமை வந்தது, கயிறு கட்டிய லீசல்மேல் ஏறிப் போனாள். இரண்டாம் வாரம் பாட்டு முணுமுணுத்தாள்.

"இந்தச் சனி பீலிக்ஸ் வாறார். நீங்களும் வாங்கோ" என்றாள் டெல்சி.

ஏன் என்னைக் கூப்பிட்டாள்? தெரியவில்லை. கதை எழுதுகிறவளைச் சாட்சியாக வைத்துக்கொள்வது ஆபத்து என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

6

மார்ச். ஊசி ஊசியாகப் பனிமழை பெய்துகொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் அப்போதுதான் காட்டிலிருந்து வந்து இறங்கியிருந்தார்கள். குதிரைகளின் முதுகிலிருந்து ஆவி எழுந்தது. டெல்சி மோரிட்ஸின் இடுப்புக்குமேல் கம்பளியை இழுத்துவிட்டாள். இவ்வளவு பெரிய மிருகம் என்று நான் நினைத்திருக்கவில்லை. அதன் மூக்கை மட்டும் தொட்டுப் பார்த்தேன். நான் எதிர்பார்க்காத மென்மை.

பீலிக்ஸ் வேலி ஓரமாக நின்றிருந்தான். நீல மழைக்கோட்டு, வழுக்கை, அம்மாவின் மூக்கு. கயிற்றைப் பார்த்துவிட்டான். அது எதற்கு என்று அவன் கேட்பதற்கு முன்பே ஹெல்கா சொன்னாள். கண்ணைப் பற்றி, சாலையைப் பற்றி, பள்ளத்தைப் பற்றி. எதையும் குறைக்கவில்லை. என் ஜெர்மன் அந்த அளவுக்குப் போதும்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். (எழுதியும் வைத்திருந்தேன், ஒரு பக்கம் முழுக்க. வீண்.) அவன் கிட்டே வந்து அம்மாவுக்கு நேராக நின்று, தன் கோட்டு என்ன நிறம் என்று கேட்டான்.

ஹெல்கா தலையைப் பக்கமாகத் திருப்பினாள், கோழி பார்ப்பதுபோல.

"நீலம்."

"தலையைத் திருப்பாமல் சொல்லு அம்மா."

அவள் நேராகப் பார்த்தாள். கை லீசலின் கழுத்தைத் தேடியது. லீசல் அவள் கோட்டுப் பையை முகர்ந்துகொண்டிருந்தது.

பீலிக்ஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டான். குளிராகவும் இருக்கலாம். பிறகு டெல்சியிடம் திரும்பினான். தனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றான். அம்மாவிடம் கேட்டால் அம்மா சரி என்றுதான் சொல்வாள். கண் வைத்தியரிடம் கேட்டால் அவர் கூடாது என்றுதான் சொல்வார். இருவரும் சொல்லப்போவது அவனுக்கு முன்பே தெரியும். அதனால் உங்களைக் கேட்கிறேன் என்றான். கயிறு உங்கள் கையில் இருந்தால், என் அம்மா இந்தக் குதிரைமேல் போகலாமா? போகலாம் என்றால் நான் இனி வாய் திறக்க மாட்டேன். கூடாது என்றால் சேணத்தை இப்போதே என் காரில் ஏற்றுகிறேன்.

டெல்சி கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். உடனே அவிழ்த்தாள், கயிற்றைக் கையில் சுற்றக் கூடாதாம், குதிரை இழுத்தால் விரல் போய்விடும். பிறகு அங்கே மற்ற இருவருக்கும் தெரியாத மொழியில் என்னைக் கேட்டாள்.

"அக்கா, நீங்களெண்டால் என்ன சொல்லுவியள்?"

7

நான் பதில் சொன்னேன். சேலத்துத் தமிழில், நீளமாக, பாதி ஆங்கிலத்தில். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு பீலிக்ஸிடம் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னாள். நான் சொன்னதைக் கேட்டு அவள் அதைச் சொல்லவில்லை என்பது மட்டும் உறுதி.

அந்தச் சொல்லை இங்கே இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் அடித்தேன். எழுதினால் டெல்சி செய்தது சரியா தவறா என்று பார்க்கத் தொடங்குவீர்கள். அவள் அந்தச் சனிக்கிழமை யாரையும் சரி தவறு பார்க்கவில்லை. ஈரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கையுறை நனைந்திருந்தது, பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே அவளை நான் வெளியே எடுத்துவிடுகிறேன். அந்த இடத்துக்கு நீங்கள் வாருங்கள். இந்தப் பக்கம் மோரிட்ஸ் காலை மாற்றி நிற்கிறது. அந்தப் பக்கம் லீசல். பீலிக்ஸ் காத்திருக்கிறான், எந்தப் பதிலாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வான், சொன்ன சொல் மாற மாட்டான். ஹெல்கா கெஞ்சவில்லை. முகத்தை மட்டும் உங்களிடமிருந்து கொஞ்சம் திருப்பிக்கொள்கிறாள்.

உங்களைப் பார்ப்பதற்காக.