செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

எங்கள் ஊர் நீச்சல்குளத்துக்கு ஒன்பது வருடம் தண்ணீர் நிரப்பியவன் நான். வாசல் பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'மெக்சிகர்களுக்கு சனிக்கிழமை மட்டும்.' சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பிள்ளைகள் கரையேறியதும் வால்வைத் திறந்து தண்ணீர் முழுவதையும் வெளியேற்ற வேண்டும். ஞாயிறு முழுக்க பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைத் தேய்க்க வேண்டும். திங்களன்று புதுத் தண்ணீர். செவ்வாய் காலை பத்து மணிக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் வெள்ளி வரைக்கும் குளித்துக் கலக்கிய தண்ணீர்தான் எங்களுக்கு. அதில் நாங்கள் புதிதாக என்ன அழுக்கைச் சேர்த்துவிடப் போகிறோம் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் வேலை இருக்காது.

மேலாளர் ப்ரூவர் என்னை ஹோசே என்றுதான் கூப்பிடுவார். என் பெயர் எவரிஸ்தோ. எனக்கு முன்னால் அந்த வேலை பார்த்தவனையும் அவர் ஹோசே என்றுதான் கூப்பிட்டாராம். அவன் பெயரும் அது இல்லை.

என் மகள் ஒத்திலியாவுக்கு அப்போது ஏழு வயது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை மாட்டி நடப்பாள். ஒரே ஒரு சனிக்கிழமை அவளைக் குளத்தில் இறக்கினோம். கண் சிவந்து, காதில் சீழ் வைத்து இரண்டு வாரம் படுத்துவிட்டாள். அதோடு என் மனைவி ஹெர்லிண்டா அந்தப் பக்கமே அவளை விடுவதில்லை.

ஞானஸ்நானம் கொடுத்த புனிதர் சான் ஹுவானின் திருநாள் அன்று, சூரியன் எழுவதற்கு முன்னால், எந்தத் தண்ணீரும் புனித நீர்தான். முங்கி எழுந்தால் உடம்பைப் பிடித்த பீடை போகும் என்பார்கள். நான் பெரிதாக நம்புகிறவன் இல்லை. நம்பாமல் இருக்கத் தைரியமும் இல்லை. முன்பெல்லாம் ஆற்றுக்குப் போவோம். மேலே சுரங்கம் வந்த பிறகு அந்த ஆற்றில் கழுதைகூட வாய் வைப்பதில்லை.

அந்த வருடம், ரொட்டி தட்டிக்கொண்டே ஹெர்லிண்டா ஆரம்பித்தாள்.

"ஏங்க, இந்த வருசம் சான் ஹுவான் செவ்வாக்கெழம வருது."

"வரட்டும்."

"திங்கக்கெழமயே தண்ணி ரொம்பிரும்ல?"

"ரொம்பும்."

"சாவி உங்ககிட்டதான இருக்கு?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரே ஒரு முழுக்குங்க. விடியறதுக்குள்ள போயிட்டு வந்துரலாம். யாரு அழுக்கும் இல்லாத தண்ணியில எம்புள்ள ஒரு தடவ எறங்கட்டும்."

"வேல போயிரும்டி."

"போனா பருத்தி எடுப்போம். எடுக்காத கையா இது?"

அவள் கையைப் பார்த்தேன். சரி, யாரிடமும் மூச்சு விடாதே என்று மட்டும் சொன்னேன்.

அதுதான் நான் செய்த மடத்தனம். சான் ஹுவான் முழுக்குக்கு, ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்திய ஞானத்தாய் இல்லாமல் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கும் தாய் எங்கள் ஜனத்தில் உண்டா? ஹெர்லிண்டா ஞானத்தாய் சோனித்தாவிடம் மட்டும்தான் சொன்னாள். சோனித்தாவுக்கு எங்கள் தெருவில் பதினோரு ஞானப்பிள்ளைகள். அவள் அந்தப் பதினோரு பேரின் அம்மாக்களிடம் மட்டும்தான் சொன்னாள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

செவ்வாய் விடிகாலை கம்பிக்கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினால் அறுபது பேர் நிற்கிறார்கள். கித்தார் ஒன்று, பானை நிறைய சோளத்தோலில் பொதிந்து அவித்த தமாலே, கைக்குழந்தைகள், மெழுகுவர்த்திகள். முன்னால் சோனித்தா, தோளில் கோடாலியோடு.

"இதெதுக்கு சோனித்தா?"

"பொம்பளப் புள்ளைங்களுக்கு முடி நுனி வெட்ட வேணாமாண்ணே? இன்னிக்குக் கோடாலியால வெட்டுனாத்தான இடுப்பு வரைக்கும் வளரும்? உங்க தலைக்கு ஒண்ணும் பண்ண முடியாது, நீங்க பயப்படாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வழுக்கையைத் தடவிக்கொண்டு நானும் சிரித்தேன். திருப்பி அனுப்பியிருக்கலாம். முடியவில்லை.

ஹெர்லிண்டா ஒத்திலியாவின் இரும்புப் பட்டையைக் கழற்றினாள். ஒரு கையை நான் பிடித்தேன், ஒரு கையை சோனித்தா. இடுப்பளவு தண்ணீரில் இறங்கியதும் பிள்ளையின் உடம்பு சட்டென்று லேசாகிவிட்டது. அவள் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, அடி தெரியுது! என் கால் தெரியுது!"

மூன்று முறை முங்கி எழுந்தாள். அதற்குள் மற்றப் பிள்ளைகளும் குதித்துவிட்டார்கள். கித்தார் தொடங்கிவிட்டது. தண்ணீரில் அவள் நொண்டவே இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வேலையும் தெரியவில்லை, நேரமும் தெரியவில்லை. வெயில் சுவரில் ஏறியபோதுதான் பயம் வந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக ப்ரூவர் அன்றைக்குப் பார்த்து சீக்கிரமே வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தவர், கோடாலியோடு நின்ற சோனித்தாவைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார். அவள் வெட்டிய முடியைக் கோடாலியிலிருந்து ஊதிவிட்டு, பணிவாகக் காலை வணக்கம் சொன்னாள்.

"ஹோசே! என்ன அக்கிரமம் இது?"

"எவரிஸ்தோ" என்றேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

"அத்தன பேரையும் வெளிய அனுப்பு. தண்ணிய இப்பவே வடிச்சு விடு. தேச்சுக் கழுவு!"

கழுவு என்று அவர் கத்தியபோது என் மகள் தண்ணீரில்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அவளுடைய ஈரம் என் முதுகெல்லாம் வழிந்தது.

"வெளிய போயிர்றோம். வடிக்கிறத நீங்களே வடிச்சுக்குங்க" என்று சாவியை டிக்கெட் மேசையில் வைத்தேன்.

அவருக்கு வடிக்கத் தெரியாது. தரைக்கடியில் மூன்று வால்வு. எதை முதலில் திருப்புவது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்திருந்தாலும் வடிய ஒரு பகல், கழுவ ஒரு பகல், நிரப்ப ஒரு பகல். அடிக்கிற வெயிலில், பத்து மணிக்கு வந்து நிற்கும் தாய்மார்களிடம் குளம் ஏன் மூடியிருக்கிறது என்று அவர் காரணம் சொல்ல வேண்டும். நாங்கள் போகும்போது அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

மற்றவர்கள் பாட்டோடு வீட்டுக்குப் போனார்கள். ஒத்திலியா மட்டும் வரமாட்டேன் என்றாள். கம்பிவேலிக்கு வெளியே மரநிழலில் உட்கார்ந்துகொண்டாள். கொடுத்த தமாலேயைப் பிரிக்கவே இல்லை. வேலை போன கவலையோடு நானும் ஹெர்லிண்டாவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

பத்து மணிக்கு கார்கள் வந்தன. ப்ரூவர் கதவைத் திறந்துவிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குனிந்த தலை நிமிராமல் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஓடிவந்து குதித்தார்கள், எங்கள் தண்ணீரில். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஹெர்லிண்டாவின் தொடையைக் கிள்ளினேன்.

ஒத்திலியா சிரிக்கவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரையேறும் ஒவ்வொரு பிள்ளையின் காலையும் கண்ணெடுக்காமல் பார்த்தாள். ஒரு பெண் குழந்தை ஏறி ஓடியது. பிறகு இரண்டு பையன்கள். பிறகு குண்டாக ஒருத்தி. ரொம்ப நேரம் அப்படியே பார்த்தாள்.

"அப்பா" என்றாள் மெதுவாக. "நான் எறங்குன தண்ணியிலதான குளிக்கிறாங்க?"

"ஆமாடா கண்ணு."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகலப்பா. எல்லாருக்கும் காலு நல்லாத்தான் இருக்கு."

அதுவரை அவள் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியவே இல்லை. ஹெர்லிண்டா அவளை இழுத்து மடியில் வைத்து, தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஒத்திலியா ஒன்றும் புரியாமல் அம்மாவின் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு, பசிக்கிறது என்றாள்.