சான் ஹோசேயில் ஏழு மாதம்

சபரிநாதன் கெட்டவன் இல்லை. அதுதான் இதில் வயிற்றெரிச்சல். கெட்டவன் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம்.

இரண்டாயிரமாவது வருஷம் ஏப்ரலில் அவனையும் அவன் சிநேகிதன் கௌசிக்கையும் பத்மநாபன் சான் ஹோசேக்கு அனுப்பினார். பத்மநாபன் நியூ ஜெர்சியில் கன்சல்டிங் கம்பெனி நடத்தியவர். ஊரிலிருந்து விசாவில் பையன்களைக் கூட்டிவந்து, எந்த ஊரில் ப்ராஜெக்ட் கிடைக்கிறதோ அங்கே ஏற்றி அனுப்புவார். இருவரும் சேர்ந்து ஒரு அபார்ட்மென்டை வாடகைக்குப் பிடித்து, இரண்டு பேர் பெயரிலும் லீஸ் பத்திரம் எழுதினார்கள். ஒரே குக்கரில் சாதம் வைத்து ஏழு மாதம் ஓட்டினார்கள். சபரியின் மனைவி சண்முகப்ரியா அப்போது விசாவுக்காகக் கோயம்புத்தூரில் காத்துக்கிடந்தாள். கௌசிக்கின் மனைவி ரோஷினியும் மூன்று வயது அதிதியும் நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சரிலேயே இருந்தார்கள். நவம்பரில் ப்ராஜெக்ட் முடிந்ததும் சபரி நியூ ஜெர்சிக்குத் திரும்பினான். கௌசிக்கை டெக்சாஸுக்குத் தள்ளிவிட்டார்கள்.

பிப்ரவரியில் கம்பெனியிடமிருந்து வருஷச் சம்பளக் காகிதம் வந்தது. அத்தனை சம்பளமும் நியூ ஜெர்சியில் சம்பாதித்ததாகப் போட்டிருந்தது. கலிஃபோர்னியா என்ற பேச்சே இல்லை. எப்படி இருக்கும்? பத்மநாபன் விசாவுக்குக் கொடுத்த காகிதங்களில் அவர்கள் வேலை பார்க்கும் இடம் நியூ ஜெர்சி மட்டும்தான். அதை மாற்றி எழுதிக்கொடுக்க வக்கீலுக்கு அழ வேண்டுமே! “எல்லாரும் நியூ ஜெர்சின்னே ஃபைல் பண்ணுங்கப்பா, ஒருத்தனும் கேக்கமாட்டான்” என்பது அவருடைய வருஷாந்திர உபதேசம். பிரிட்ஜ்வாட்டர் கோயில் கான்டீனில் தோசை வாங்கிக்கொடுத்துச் சொல்வார். தின்ற வாய்கள் மறுத்துப் பேசியதில்லை.

ஆனால் அந்த மாதமே சபரிக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. புதுக் கம்பெனியின் வக்கீல், கிரீன் கார்டுக்குப் பழைய டாக்ஸ் ரிட்டர்ன்களையெல்லாம் கேட்பார்கள், எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். எந்த ஸ்டேட்டில் சம்பாதித்தோமோ அந்த ஸ்டேட்டில் கணக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். உடனே டல்லாஸில் இருந்த கௌசிக்கைக் கூப்பிட்டான்.

கௌசிக்கின் கிரீன் கார்டோ கடைசிப் படியில் நின்றது. ஆகஸ்டில் இன்டர்வியூ. ஆறு வருஷமாகப் பத்மநாபனின் காலடியில் கிடந்ததே அதற்காகத்தான். இப்போது போய் சான் ஹோசே விஷயம் கிளம்பினால் விசா விதியை மீறியவன் என்று சொல்லி மொத்தத்தையும் கவிழ்த்துவிடுவார்கள்.

“ஆகஸ்ட் வரைக்கும் பொறுடா. என் இன்டர்வியூ முடியட்டும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே கலிஃபோர்னியால ஃபைல் பண்ணிடலாம். உன் பெனால்டியையும் நானே கட்டறேன்.”

சபரி சரி என்றான். யாரும் கேட்காமலே சத்தியம் என்றும் சொன்னான்.

ஏப்ரல் பதினாறாம் தேதி, கடைசி நாளில், போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நின்று கலிஃபோர்னியாவுக்குத் தன் ரிட்டர்னை அனுப்பினான். தன் சம்பளத்தை மட்டும்தானே காட்டுகிறோம், கௌசிக் பெயர் எங்கேயும் வரவில்லையே என்று மனசைத் தட்டிக்கொடுத்துக்கொண்டான். போகட்டும், பயந்த மனுஷன் செய்ததுதான், இதுவரைக்கும் மன்னித்துவிடலாம். அதே ஃபாரத்தில் வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு ஒரு சலுகை இருந்தது. புருஷன் பெண்டாட்டியாக ஃபைல் செய்தால் நூற்றிருபது டாலர். சண்முகப்ரியா டிசம்பரில் வந்து சேர்ந்திருந்தாள். விடுவானா? அந்தக் கட்டத்திலும் ஒரு டிக் போட்டான்.

ஜூனில் கலிஃபோர்னியாவிலிருந்து கடிதம் வந்தது. வாடகைச் சலுகை வேண்டுமென்றால் அங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி அனுப்பு என்றார்கள். சனியன் வேண்டாம் என்று ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் தீர்ந்தது. இவனோ லீஸைத் தேடினான். வீடு மாற்றியபோது தன் பிரதியைத் தொலைத்திருந்தான். கௌசிக்கின் பிரதி வெஸ்ட் வின்ட்சர் வீட்டில் இருந்தது. கௌசிக் டல்லாஸில் இருக்கிற நேரமாகப் பார்த்து ரோஷினிக்கு ஃபோன் செய்து, கார் இன்ஷூரன்ஸுக்குப் பழைய முகவரிக்கு அத்தாட்சி கேட்கிறார்கள், அந்த லீஸ் வேண்டும் என்றான். பாவம், அவள் குழந்தையை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு லைப்ரரிக்குப் போய், ஜெராக்ஸ் எடுத்து, கவரில் போட்டுக் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து இருந்தது. சபரி அதைப் பார்க்காமல் இல்லை. அவ்வளவு பெரிய ஆபீசில் யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள் என்று அனுப்பிவிட்டான்.

படித்தார்கள். ஜூலையில் சபரிக்கு நூற்றிருபது டாலர் செக் வந்தது. கௌசிக்குக்குக் கடிதம் வந்தது: நீயும் அந்த வீட்டில் ஏழு மாதம் இருந்திருக்கிறாயே, உன் ரிட்டர்ன் எங்கே? பத்மநாபனுக்கும் ஒன்று போயிற்று.

வரியைக் கட்டித் தொலைத்திருக்கலாம், கௌசிக் அதற்குத் தயாராகத்தான் இருந்தான். ஆனால் பத்மநாபனுக்குத் தன் தலை தப்ப வேண்டும். அந்த வருஷம் ப்ராஜெக்ட்டே இல்லாமல் பாதிப் பையன்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனைக் கழற்றிவிடுவது ஒரு விஷயமா? கௌசிக் இனி எங்கள் ஆள் இல்லை என்று எழுதிக்கொடுத்து, கிரீன் கார்டு மனுவையும் வாபஸ் வாங்கினார். இன்டர்வியூவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வேலை போனதும் விசாவும் போயிற்று.

வீட்டுக்காரன்தான் போட்டுக்கொடுத்துவிட்டான் என்று கௌசிக் நம்பினான். தினமும் சபரிக்கு ஃபோன் செய்து சான் ஹோசே வீட்டுக்காரனைச் சபித்தான். ஒரு நாள் சபரியும் வாய் கூசாமல், “அவன் நல்லா இருக்கமாட்டான், விடுடா” என்றான்.

கௌசிக் குடும்பம் ஊருக்குக் கிளம்புகிற அன்று, ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விடச் சபரி வேனோடு வந்தான். சாவியை ஒப்படைக்கக் கௌசிக் அபார்ட்மென்ட் ஆபீசுக்குப் போயிருந்தான். ரோஷினி காலி சமையலறையில் கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அண்ணா, இன்ஷூரன்ஸுக்குன்னுதானே லீஸ் கேட்டீங்க?”

சபரி வாசலோரம் இருந்த ஒரு பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

“வீட்டுக்காரன்கிட்ட நானே பேசினேன். அவன் யாருக்கும் எதுவும் அனுப்பலையாம். நான் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தது உங்களுக்கு மட்டும்தான்.”

இப்படி ஆகும் என்று நினைக்கவே இல்லை என்று அவன் ஏதோ குழறினான். கௌசிக்குக்குத் தெரியுமா என்று கேட்டான்.

“சொல்லல. வேலை போச்சு, வீடு போச்சு. ஊர்ல போய் உக்காந்தாலும் சபரி, சபரின்னுதான் சொல்லிட்டிருப்பார். அதையும் நான் எதுக்குப் பிடுங்கணும்? நீங்களும் சொல்லக் கூடாது. மன்னிப்புக் கேட்டுட்டு நீங்க நிம்மதியாத் தூங்கறதுக்கு என் புருஷன் கிடைக்கமாட்டார்.”

நூவர்க் ஏர்போர்ட்டில் பெட்டிகளை இறக்கியதும் கௌசிக் சபரியைக் கட்டிக்கொண்டான். இந்த நாட்டில் உன்னைத் தவிர எனக்கு யார் செய்தார்கள் என்றான்.

“உன் கிரீன் கார்டு வந்ததும் முதல் ஃபோன் எனக்குத்தான் பண்ணணும். சரியா?”

ரோஷினி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பதில் வரும்வரை சபரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பண்றேன்டா” என்றான் சபரி.