முன்னுக்கு விழுந்த கியர்

...தள்ளினால் இழுக்குது, இழுத்தால் தள்ளுது, சனியன், நடுவிலை ஒரு கை வைச்சுப் பூட்டினால் இப்பிடித்தான் வரும் எண்டு உனக்குத் தெரியாதோ, தெரியும், தெரிஞ்சுதானே பூட்டினனி, என்று வான் வண்டிக்குக் கீழே மல்லாந்து கிடந்தபடி சவிரிமுத்து தன்னைத்தானே பேசினான். ஞாயிற்றுக்கிழமை. கராஜ்காரர் எமில், புதுச்சேரி மனிசன், பூசைக்குப் போகமுன் திறப்பைக் கையில் தந்து, 'மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுங்க மொஸ்யூ, ஓட்டை போடற மின்சாரத் துறப்பணம் மட்டும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரி கத்துவா' என்று சொல்லித் துறப்பணத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். பாலத்தில் மெட்ரோ போகும்போதெல்லாம் தகரக் கூரை அதிர்ந்தது, வானின் துரு மூஞ்சியில் கொட்டியது. வலன்ரைனின் மரக்கறி வான். பழைய கியர்ப்பெட்டி பல்லுப்போய்ச் செத்துவிட்டது, பொண்டியில் பழைய கார் உடைக்கிற இடத்திலிருந்து வேறு ஒரு இனத்துப் பெட்டியைக் கழற்றிவந்து ஏற்றியாயிற்று, பெட்டி பொருந்திவிட்டது, கியர்த்தடிதான் எட்டவில்லை. அதுக்காக இரண்டு கம்பி, நடுவில் ஆணியில் ஆடுகிற ஒரு இரும்புக் கை, கையின் மேல்நுனியில் ஒரு கம்பி, கீழ்நுனியில் மற்றது. மேல்நுனி முன்னுக்குப் போனால் கீழ்நுனி பின்னுக்குத்தானே வரும். அவ்வளவுதான் விசயம். முன்னுக்குத் தள்ள விழவேண்டிய றிவேர்ஸ் இப்போது பின்னுக்கு இழுக்க விழுகிறது, றிவேர்ஸ் இருந்த இடத்தில் முதலாம் கியர் வந்து குந்தியிருக்கிறது.

வலன்ரைன் ஏறியிருந்து நாலுதரம் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். 'மாத்திறதெண்டால் ஒரு நாள் வேலை' என்று இவன் கீழேயிருந்து சொன்னதுக்கு, 'விடுங்கோ அண்ணை, பழகிடும், விடிய நாலு மணிக்கு நான் சந்தையிலை நிக்கவேணும்' என்றான். தன் அக்காவை ஸ்டாலின்கிராட் மெட்ரோவடியில் நிற்கச் சொன்னவனாம், கூட்டிவருகிறானாம், சாப்பாடு கொண்டு வருகிறாவாம். போய்விட்டான். பழகிடும்... ஆரின்ரை சொல் இது, என்ரை சொல். மூன்று வருசத்துக்கு முன் ஊரிலை கூட்டாளி மரியரட்ணத்துக்கு நான் சொன்னது. இவனுக்கு ஆர் சொல்லிக்குடுத்தது? ஆரும் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை, அவசரக்காரன் எல்லாருக்கும் அந்தச் சொல் வாயிலை இருக்கும்.

எண்பத்துநாலு, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை. அதுவும் ஒரு வான், மரியரட்ணம் யாழ்ப்பாணத்து றோட்டில் ஆள் ஏற்றி ஓடுகிற வான், அதுக்கும் வேறு பெட்டி, அதுக்கும் நடுவில் இதேமாதிரி ஒரு கை. பின்னேரம் மூன்று மணிக்குப் பூட்டி முடித்துப் போட்டுப் பார்த்தபோதே தெரிந்தது, தலைகீழ். மரியரட்ணம் பக்கத்தில் பீடியோடு நிற்கிறான். அன்றைக்குக் கோயிலில் பாதம் கழுவுகிற பூசை, ஃபாதர் சீடராகத் தெரிந்தெடுத்த பன்னிரண்டு பேரில் சவிரிமுத்துவும் ஒருவன், ஐந்து மணிக்கு வெள்ளை வேட்டியோடு நிற்கவேண்டும், காலெல்லாம் கிறீஸ். 'பன்னிரண்டிலை ஒருத்தன் யூதாஸ், கவனம்' என்று மரியரட்ணம் பகிடி விட்டான். கறன்ட் இல்லை, ஓட்டை போடவேணும், ஒரு நாள் வேலை, ஈஸ்டருக்குப் பிறகு பாப்பம், அதுவரைக்கும் ஓடு மச்சான், பழகிடும் என்றான் சவிரிமுத்து. மண்ணெண்ணெய் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போய்க் கோயில் வாங்கில் இருந்தான். ஃபாதர் தண்ணீர் ஊற்றித் துடைத்தபோது நகத்தடியில் இன்னும் கறுப்பு இருந்தது, வெட்கமாக இருந்தது. அதுக்குத்தான் வெக்கப்பட்டன், பார், நகத்துக்கு.

பழகத்தான் செய்தது. பதினொரு நாள் மரியரட்ணம் ஒரு பிழையில்லாமல் ஓடினான், ஈஸ்டருக்குப் பிறகும் வரவில்லை, 'இப்ப கை ஓடுது, விடு' என்றான். பன்னிரண்டாம் நாள் ஆமிக்காரர் காவல் சென்றியில் மறித்தார்கள். வானுக்குள் பின்னுக்கு இருந்து தப்பி வந்தவன் சொன்னான், 'பின்னுக்கு எடு, பின்னுக்கு எடு எண்டு கத்தினவங்கள், துவக்கை நீட்டினவங்கள், அண்ணை கியரைப் போட்டார், வான் முன்னுக்குப் பாய்ஞ்சுது.' பிறகென்ன, சுட்டாங்கள். வானையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், கியரை ஆரும் பார்க்கவில்லை. ஊர்ச்சனம் பார்க்காததையெல்லாம் சொன்னது, குடிச்சிருந்தவன், பயந்து விறைச்சுப் போனான். சவிரிமுத்து சவப்பெட்டியின் தலைமாட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தான், வாய் திறக்கவில்லை. மூளை பழகியிருந்தது, கை பழகவில்லை, துவக்கைக் கண்டதும் கை தன்ரை இருபது வருசத்து இடத்துக்குப் போயிட்டுது. இது ஊரில் சவிரிமுத்து ஒருவனுக்குத்தான் தெரியும்.

அதோடு கிடந்திருக்கலாம். செத்தவன் செத்தவன்தானே, சொன்னால் எழும்பி வரப்போறானோ. போன மாதம் இங்கே லெ பிளாங்-மெனிலில் ஞானஸ்நானக் கொண்டாட்டம், குசினிக்குள் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் மரியரட்ணத்தின் மனிசி அருள்மலர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், தம்பி வலன்ரைன் கூப்பிட்டு அவள் இங்கே வந்து எட்டு மாதம். 'அண்ணை, நீங்கள் அவரின்ரை கூட்டாளி, உங்களிட்டைத்தான் கேக்கலாம்' என்றாள். அவன் செத்த அன்று விடிய வீட்டில் சண்டையாம். நீங்கள் இருந்தும் ஒண்டுதான் இல்லாட்டிலும் ஒண்டுதான் எண்டு சொல்லிப்போட்டன் அண்ணை. சாப்பிடாமல் போனவர். இருபது வருசம் ஓடின மனிசனுக்கு எது பின் கியர் எது முன் கியர் எண்டு தெரியாதோ? வேணுமெண்டுதான் வானை முன்னுக்கு விட்டவர், நான் சொன்ன சொல்லுக்கு விட்டவர். வெங்காயத்துக்கு அழுகிறாளோ இதுக்கு அழுகிறாளோ தெரியவில்லை. சவிரிமுத்து என்ன சொன்னான்? 'அப்பிடி ஒண்டும் இருக்காது பிள்ளை' என்றான். சொல்லிவிட்டு ஒரு தட்டு பிரியாணி சாப்பிட்டான், இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டான். தூ, நீயெல்லாம் ஒரு மனிசன்.

எழும்பினான். நடுக்கையைக் கழற்றி மேசையில் பூட்டியிருந்த குறட்டில் இறுக்கினான். என்ன செய்யவேணும், கீழ்நுனியில் பூட்டின கம்பியை ஆணிக்கு மேலே பூட்டவேணும், இரண்டும் ஒரே பக்கம் நின்றால் இரண்டும் ஒரே பக்கம் போகும், அதுக்கு ஒரு ஓட்டை, ஒரே ஒரு ஓட்டை. கைத்துறப்பணம்தான் இருந்தது, நெஞ்சைக் குடுத்து அமத்திச் சுற்றினான், இரும்புப் பூ சுருண்டு சுருண்டு விழுந்தது. கம்பியை வளைத்தான், பூட்டினான், ஏறியிருந்து தடியை முன்னுக்குத் தள்ளினான். றிவேர்ஸ். இன்னொருதரம். றிவேர்ஸ். 

அருள்மலர் பிட்டும் கறியும் கட்டின பையோடு உள்ளே வந்தாள். வலன்ரைன் வாசலில் ஆரோடோ கதைத்துக்கொண்டு நின்றான். 'பழகிடும் எண்டு தம்பி சொன்னவன், ஏன் அண்ணை திருப்பிக் கழட்டினீங்கள்?' என்று அவள் சும்மா, ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள்.

'பின்னுக்கு எண்டு போட முன்னுக்குப் பாயும் பிள்ளை. பழகினாலும் பயந்த நேரம் கை பழைய இடத்துக்குத்தான் போகும்.'

சொல்ல நினைத்துச் சொன்னதோ, வாய் தானாகச் சொன்னதோ... அவள் பையை இறக்கி வைத்தாள். கதவுக்குள்ளால் கையை விட்டுத் தடியைத் தொட்டாள். மெட்ரோ ஒன்று போய் முடிந்தது.

'அவரின்ரை வானும் உங்களிட்டைத்தானே வந்தது.'

'ஓம்.'

'அப்ப அவர்...'

'அவன் பின்னுக்குத்தான் எடுத்தவன் பிள்ளை. நான் பூட்டினதுதான் பிழை.'

அடிப்பாள் என்று நின்றான், கத்துவாள் என்று நின்றான். அவள் அங்கே கிடந்த பழைய ரயர் மேல் இருந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது, ஆனால் மூன்று வருசமாக அவள் முகத்தில் கிடந்த ஏதோ ஒன்று அங்கே இல்லை, அதை அவன் கண்டான். 'வேணுமெண்டு விடேல்லை' என்றாள், அவனுக்கில்லை, தனக்கு. சொல்லியாயிற்று. இவ்வளவுதானோ, இதுக்கோ மூன்று வருசம், கறன்ட் இல்லாத ஊர், ஒரு நாள் வேலை, அவளுக்கும் விளங்கும், மன்னிக்காட்டிலும் விளங்கும்... என்று அவன் மூச்சு விடுகிற நேரம் வலன்ரைன் உள்ளே வந்தான், ஏறித் தடியைப் போட்டுப் பார்த்தான், மணிக்கூட்டைப் பார்த்தான்.

'ஒரு நாள் வேலையெண்டு சொன்னீங்கள் அண்ணை. நான் போகேக்கை பத்தேகால், இப்ப பதினொண்டுக்கு இன்னும் அஞ்சு நிமிசம் கிடக்கு.'

நாற்பது நிமிடம். கைத்துறப்பணத்தோடு, கறன்ட் இல்லாமல். பாதம் கழுவ ஐந்து மணி, பூட்டி முடித்தது மூன்று மணி, நடுவில் இரண்டு மணித்தியாலம்... சவிரிமுத்து குறட்டில் கிடந்த இரும்புப் பூவைக் கையால் கூட்டினான். அருள்மலர் வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.