ஆழாக்குச் சோறு

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸில் சிவனணைந்தபெருமாள் கண்டக்டராக இருந்தபோது, நின்றுகொண்டு போகிறவர்களுக்கு ஒரே கவலைதான். மனிதர் டிக்கெட் போட்டுக்கொண்டே முன்னாலிருந்து பின்னால் வந்தால் எங்கே ஒதுங்குவது? ஆள் இருநூற்றுப் பதினெட்டு ராத்தல், கிட்டத்தட்ட நூறு கிலோ. "அண்ணாச்சி, நீங்க அங்கனயே நில்லுங்க. டிக்கெட்டை நாங்க கைமாத்தி வாங்கிக்கிடுதோம்" என்று இலஞ்சிக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவரும் தொந்தி குலுங்கச் சிரிப்பார். சாப்பாட்டு விஷயத்தில் கூச்சப்படுகிற ஆள் இல்லை அவர். கல்யாண வீட்டில் மூன்றாம் பந்தியிலும் அவரைப் பார்க்கலாம்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம், இலஞ்சி விலக்கில் விசிலை வாயில் வைத்தவருக்கு ஊத வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டிரைவர் நல்ல மனுஷன். பிரயாணிகளோடு வண்டியைத் திருப்பி, தென்காசியில் மந்திரமூர்த்தி டாக்டர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டார். "வேய் பெருமாள், உம்ம அண்ணன் எந்த வயசில போனாரு?"

"நாப்பத்தஞ்சுல."

"உமக்கு இப்ப?"

"நாப்பத்திநாலு."

"அடுத்த தையைப் பாக்கணும்னா நூத்தி அறுபத்தஞ்சு ராத்தலுக்கு இறங்கும். மருந்து ஒண்ணும் பெரிசா இல்லை. வாயைக் கட்டணும்."

ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி என்று அவர் ஒரு காகிதத்தில் எழுதினார். கலோரி எந்தக் கடையில் கிடைக்கும் என்று பெருமாள் கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. சேதி கேட்டு ஓடிவந்து கதவோரம் நின்றிருந்த அவர் பெண்டாட்டி நாச்சியாரும் சிரிக்கவில்லை. அவள்தான் முன்னால் வந்து அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

நாச்சியார் அவருக்குத் தாய்மாமன் மகள். எட்டாவது வரை படித்தவள். ஒரே மகளை வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, வீட்டில் இவரும் அவளுமாக இருந்தார்கள். அவரைப் பார்த்தவர்கள் அவளைப் பார்த்தால் ஒரே வீட்டுச் சோறுதானா என்று கேட்பார்கள், அவ்வளவு ஒல்லி. ரத்தம் குறைவு என்று அவளுக்கும் முன்பு ஒரு டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்திருந்தார். அது தீர்ந்தபிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

காகிதத்தை அவள் அரிசி டின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவைத்தாள். காலையில் இரண்டு இட்லி. மத்தியானம் ஆழாக்கு அரிசி வடித்த சோறு, கீரை, மோர். நாலு மணிக்கு வெள்ளரிக்காய். ராத்திரி கோதுமை ரொட்டி இரண்டு. ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மெல்ல வேண்டும் என்றும் டாக்டர் எழுதியிருந்தார். பெருமாள் பத்து எண்ணுவதற்குள் சோறு தொண்டைக்குள் போய்விடும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். அவர் முதலில் சாப்பிடுவார். எழுந்து கை கழுவியதும், அவள் அந்த இலையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய், கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, அதே இலையில் சாப்பிடுவாள். அவருடைய இலையில் எப்போதும் மிச்சம் இருக்கும். நல்ல துண்டமாகப் பார்த்து ஒதுக்கிவைப்பார், பாதி அப்பளத்தை உடைத்துவைப்பார். பெண்டாட்டிமேல் இருக்கிற பிரியத்தை வேறு எப்படியும் சொல்லத் தெரியாத மனிதர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சாப்பிடுவதை அவர் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அவரை மட்டும் குறை சொல்லவேண்டாம், அந்தத் தெருவில் எந்த ஆண்பிள்ளையும் பார்த்ததில்லை.

இப்போது அவர் இலையை வழித்து நக்கினார். கீரைத் தண்டின் சக்கையைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஆனி மாதம் வரை எப்படியோ ஓட்டினார். தென்காசி ஸ்டேஷனில் காசு போட்டால் எடை அச்சடித்து அட்டை விழுகிற இயந்திரம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் அதில் ஏறி நின்று, அட்டையைக் கொண்டுவந்து நாச்சியாரிடம் கொடுப்பார். இருநூற்றைந்து, நூற்றுத் தொண்ணூற்றெட்டு, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். வாழைத்தண்டு, சுரைக்காய், மோர்த் தண்ணீர் என்று வயிற்றை ஏமாற்ற எத்தனை வழி உண்டோ அத்தனையும் செய்து கொடுத்தாள்.

அப்புறம் சாரல் வந்தது. குற்றாலத்து அருவியில் குளித்தால் ஊளைச்சதை கரையும் என்று எவனோ ஒரு புண்ணியவான் சொல்ல, பெருமாள் டிரிப்புக்கு இடையில் போய் அரைமணி நேரம் தலையைக் கொடுத்தார். அருவியில் குளித்தால் என்ன ஆகும் என்பது பஸ்ஸில் வருகிற கைக்குழந்தைக்கும் தெரியும். கல்லைத் தின்றாலும் அடங்காத பசி வரும். இருபது வருஷமாக அந்த ஊருக்கு ஆள் ஏற்றி இறக்கியவருக்கு மட்டும் அது அன்றைக்கு மறந்துபோனது.

வீட்டுக்கு வந்தபோது நாச்சியார் வாய்க்காலுக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். பானையில் அவளுடைய சோறும் பழையதுக்கு வைத்திருந்ததும் இருந்தன. பெருமாள் நின்றுகொண்டே பானைக்குள் கையை விட்டார். பருக்கை மிச்சமில்லாமல் தின்றுவிட்டு, மூடியைப் பழையபடி வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகப் பாயில் படுத்துக்கொண்டார்.

அவள் வந்து மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்ப மூடுகிற சத்தமும் கேட்டது. முந்தானையால் மூக்கைச் சிந்துவதுமட்டும் கேட்டது. திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து அவர் எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. அவருடைய ஆழாக்குச் சோற்றைத் தவிர அடுப்படியில் ஒரு வாய் சோறு கிடையாது. இவள் முந்திச் சாப்பிட்டுப் பானையைக் கழுவிவிடுகிறாள், கெட்டிக்காரி என்று அவர் நினைத்துக்கொண்டார். வேறு மாதிரி நினைக்க அவருக்குத் தோன்றவில்லை. பசித்தவனுக்கு அடுத்தவர் வயிறு எங்கே தெரிகிறது?

நாலு மணிப் பசிதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. ஓய்வு நாளில் வீட்டுக்குள்ளே கூண்டுப் புலியாக நடப்பார். நாச்சியார் எதிரே வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"பசியும் ஒங்க பஸ் மாதிரிதான் அத்தான். வந்து நிக்கும், ஹாரன் அடிக்கும். நாம ஏறலைன்னா பத்து நிமிசம் பாத்துட்டுக் கெளம்பிப் போயிரும். அடுத்த வண்டி வார வரைக்கும் சும்மா இருக்கலாம்."

"பெரிய வைத்தியச்சி. ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவாள். மகள் எழுதிய கடிதம், கடையத்தில் யாருக்கோ பெண் பார்த்தது, ஏதாவது ஒன்று. பேசி முடிக்கும்போது மணி நாலே கால் ஆகியிருக்கும், பசியும் போயிருக்கும். அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

ஆவணியில் ஒரு நாள் நனைந்துபோய் வந்தார். குற்றாலத்தில் ஏறிய கூட்டம் பொட்டலம் பொட்டலமாக வடையோடு ஏறியிருந்தது. தென்காசி வரை அந்த வாசனையோடு நின்றுகொண்டே வந்திருந்தார். இலையில் ஆழாக்குச் சோற்றைப் பார்த்ததும் அவருக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏட்டி, இன்னும் ஒரு கரண்டி வை."

"இல்லை அத்தான்."

"நீ மட்டும் உள்ள கதவச் சாத்திட்டு நல்லா மொக்குத. என்னையப் பட்டினி போட்டுக் கொல்லுத."

நாச்சியார் மோர்ச் செம்பைப் பிடித்தபடி நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நாளைக்கு அகத்திக்கீரை ஆயுதேன். அது கொஞ்சம் கூட வைக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள அன்றைக்கே அவருக்கு நேரம் இருந்தது. வாங்கிக்கொள்ளவில்லை.

ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை, ஸ்டேஷன் இயந்திரம் நூற்று அறுபத்தைந்து என்று அச்சடித்துத் தந்தது. பெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அட்டையைப் பிடித்துக்கொண்டு அடைமழையில் ஓடி வந்தார். ஒன்பது மாதத்துக்கு முன்னால் நடக்கவே முடியாதவர், ஓடி வந்தார். வாசலிலேயே, "நாச்சியாரு, செயிச்சிட்டோம்டி" என்றார்.

நாச்சியார் பாயில் கிடந்தாள். அடுத்த வீட்டு ஜாஹிரா பீவி அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகவே காய்ச்சலாம், சொல்லவில்லையாம். அட்டையை அவள் முகத்துக்கு நேரே காட்டினார். எழுத்தைப் படிக்க அவளுக்குக் கண் நிலைக்கவில்லை. "எவ்வளவு" என்று கேட்டாள். சொன்னார். "அப்பாடி" என்றாள்.

டாக்டர் வந்து பார்த்தார். நாடி பிடித்த கையைக் கீழே வைக்காமல் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெஞ்சில சளி கட்டியிருக்கு. வேற ஒடம்புன்னா ஊசியில கேட்டுரும். இதுல தாங்குதுக்கு ஒண்ணுமே இல்லையே வேய். இந்தம்மா என்ன சாப்பிடுதாங்க?"

பெருமாளுக்குப் பதில் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

டாக்டர் போனபிறகு ஜாஹிரா பீவிதான் வாயைத் திறந்தாள். "அண்ணாச்சி, ஒங்களுக்கு வடிச்ச சோத்துக் கஞ்சித் தண்ணியில உப்பப் போட்டுக் குடிச்சிட்டுத்தான் அவ நாலு மாசமாக் கெடந்தா. கூட வடின்னா, 'மதினி, பானையில சோறு இருந்தா அவுக கேப்பாக, கேட்டா என்னால இல்லைன்னு சொல்ல முடியாது'ம்பா. எங்க வீட்டுல வந்து ரெண்டு வாய் தின்னுட்டுப் போன்னேன். 'அவுக பசியோட நிக்கும்போது நான் ஒளிஞ்சு திங்கவா'ன்னா. ஒங்ககிட்டச் சொல்லப்படாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. நானும் ஒரு கிறுக்கி, வாயைப் பொத்திட்டு இருந்துட்டேன்."

பெருமாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் பசி நிற்கும் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. தான் குறைந்த ஐம்பத்து மூன்று ராத்தலும் தன் உடம்பிலிருந்து மட்டும் போகவில்லை என்பதும் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மகளுக்குத் தந்தி போயிற்று.

மறுநாள் மத்தியானம் காய்ச்சல் கொஞ்சம் விட்டது. நாச்சியார் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். "பசிக்குது அத்தான்" என்றாள். அவர் காது கேட்க அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜாஹிரா பீவி எழுந்தாள். "நீ இரும்மா, நான்தான் வடிக்கணும்" என்றார் பெருமாள். வாழ்நாளில் அடுப்புப் பற்றவைக்காத மனிதர். விறகு நனைந்திருந்தது. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்தது. அரிசி டின்னைத் திறந்து ஆழாக்கை எடுத்தவர், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று அள்ளிப் போட்டார். தண்ணீர் எவ்வளவு என்று தெரியவில்லை, குத்துமதிப்பாக ஊற்றினார். கஞ்சி வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டார். குழைந்துபோன அந்தச் சோற்றை இலை நிறையப் போட்டு, மோர் ஊற்றி, பாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"எந்திரிட்டி, ஒரு வாய் வாங்கிக்கோ."

அவள் இலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நீங்க சாப்பிட்டாச்சா?"

"நான் பெறவு சாப்பிடுதேன். நீ மொதல்ல சாப்பிடு."

"நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறம்."

கெஞ்சிப் பார்த்தார். பிசைந்து வாய்க்கு நேரே கொண்டுபோனார். அவள் உதட்டை மூடிக்கொண்டு மெதுவாகத் தலையை ஆட்டினாள். ஜாஹிரா பீவி, "அண்ணாச்சி, நீங்க ரெண்டு வாய் போட்டுட்டாத்தான் அவ தின்னுவா, சட்டுனு போடுங்க" என்றாள். அதுவும் சரிதான் என்று பட்டது. பெருமாள் இலையை இழுத்துவைத்துக்கொண்டு அவசர அவசரமாக அள்ளி வாயில் போட்டார்.

"மெள்ள மென்னு சாப்பிடுங்க" என்றாள் நாச்சியார்.

சரி என்று தலையை ஆட்டினார். இரண்டாவது வாய், மூன்றாவது வாய். குனிந்து, இலையில் அவளுக்கென்று மோர் ஊறிய பக்கமாகச் சோற்றை ஒதுக்கினார். நிமிர்ந்தார். ஜாஹிரா பீவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டிருந்தாள். நாச்சியாரின் கண் இவரைப் பார்த்தபடியே இருந்தது, ஆனால் பார்க்கவில்லை.

வாய் நிறையச் சோறு. துப்பினால் அவள் பார்த்துக்கொண்டிருக்கச் சாப்பிட்டது வீணாகும். பெருமாள் அழுதுகொண்டே அதை மென்று விழுங்கினார்.

மறுநாள் சுடுகாட்டில் காடாற்றிவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தார். மகள் ஒரு பக்கம் அழுதுகொண்டிருந்தாள். வாசலில் சொந்தக்காரர்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்கு அவருக்குப் பசித்தது. வெட்கமில்லாமல், நன்றாகப் பசித்தது. அந்தப் பசியை அவர் சாகிற வரைக்கும் மன்னிக்கவில்லை.