ஏழு படி, நாற்பத்திரண்டு அடி

பிரார்த்தனைக் கூடம் கொத்தனாருக்குத் தர வேண்டிய கூலி பாக்கி பதினாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். கூடத்தைக் கட்டியதற்குக் கூலி வந்துவிட்டது; இது வாசலில் ஏழு படி கட்டியதற்கு. வருஷம் ஒன்றாகிவிட்டது. கேட்டால் பொருளாளர், "கடவுள் காரியத்துல கணக்குப் பார்க்கலாமாண்ணே?" என்பார். கொத்தனாரும் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிவிடுவார்.

இந்த முறை அவர் காசு கேட்கப் போகவில்லை. மகளுக்காகப் போனார்.

மகளுக்கு இருபத்தாறு வயது. சின்ன வயதிலிருந்தே சக்கர நாற்காலிதான். மைக்செட் ரிப்பேர் அவள் தொழில். கூடத்து ஆம்ப்ளிஃபயர் மக்கர் பண்ணினால் அவளிடம்தான் வரும். அவளோ வாரா வாரம் ஜன்னலுக்குக் கீழே வெயிலில் இருந்துதான் பிரார்த்தனை கேட்பாள். போன வாரம் நாலு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கிப் போனார்கள். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பாதிப் படியில் சாய்ந்தாள். உள்ளே கொண்டு சேர்த்ததும் எல்லாரும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"அப்பா, கூடம் கட்டுறப்ப சிமெண்டுக் கலவை வண்டி எப்படி மேல போச்சு?"

"பலகையில சரிவு போட்டிருந்தேன்."

"அது எங்க?"

"வேலை முடிஞ்சதும் பிரிச்சுட்டேன்மா."

கொத்தனார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். சிமெண்டுக்கு நாலு மாதம் வழி போட்டுக் கொடுத்த கைக்கு, பெற்ற பெண்ணுக்குப் போடத் தோன்றவில்லை.

நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். "மூணரை அடி உயரம். அவளே தள்ளிக்கிட்டு ஏறணும்னா நாப்பத்திரண்டு அடி சரிவு வேணும். நடுவுல ஒரு திருப்பம் வச்சுக் கட்டுறேன்."

திருப்பம் வரும் இடம் தலைவரின் கார் நிற்கும் இடம். "எதுக்குங்க வீண் செலவு? பாப்பா வீட்டுல இருந்தே கும்பிடட்டும். கடவுள் எங்கயும் இருக்காரே!" என்றார் அவர்.

"அப்ப உங்க காரும் எங்க வேணா நிக்கலாமே, தலைவரே."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்.

"தூக்கிட்டு வர ஆளா இல்லண்ணே? எங்களுக்கும் புண்ணியம்" என்றார் பொருளாளர்.

"உங்க புண்ணியத்துக்கு என் பொண்ணு மூட்டையாகணுமா? காசு குடுக்காத வரைக்கும் அந்தப் படி என்னுது. நாளைக்கு இடிக்கிறேன்."

விடிந்ததும் சம்மட்டியோடு நின்றார். பொருளாளர் மூச்சிரைக்க ஓடிவந்து பணக்கட்டை நீட்டினார். "முழுசும் இருக்கு. இனி படி எங்களுது. சம்மட்டியைக் கீழ வைங்க. இந்தாங்க ரசீது, கையெழுத்துப் போடுங்க."

கொத்தனார் இரண்டு முறை எண்ணினார். "படியைத் தொடல. கையெழுத்து அவ உள்ள வந்த அப்புறம்."

பிறகு நேரே கார் நிற்கும் இடத்துக்குப் போனார். மகள் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டார்.

"தலைவர் சும்மா விடமாட்டாரு!" என்று பதறினார் பொருளாளர்.

"வந்து பேசச் சொல்லுங்கண்ணே" என்றாள் மகள். "சத்தமாப் பேசச் சொல்லுங்க. ரிப்பேருக்கு வந்த ஆம்ப்ளிஃபயர் எங்க வீட்டுல இருக்கு. நான் ஏறுறன்னைக்குத்தான் அதுவும் ஏறும்."

அந்த வாரம் தலைவர் தொண்டை கிழியக் கத்தியும் மூன்றாம் வரிசைக்கு மேல் கேட்கவில்லை. வயசானவர்கள் முணுமுணுத்தார்கள். "ஒரு காரை நகர்த்த மனசில்ல, எங்களுக்குப் போதிக்க வந்துட்டாரு" என்று ஓர் அம்மா எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். திங்கட்கிழமை கார் தெருவுக்குப் போனது. வந்த பணத்திலேயே கொத்தனார் மணலும் ஜல்லியும் இறக்கினார்.

சரிவு காய்ந்த பிறகு வந்த முதல் பிரார்த்தனை. மடியில் ஆம்ப்ளிஃபயரோடு அவள் சக்கரத்தைத் தள்ளினாள். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். பின்னால் பிடிக்க வந்த பொருளாளரிடம், "கையை எடுங்கண்ணே" என்றாள். ஏறினாள். முன்வரிசையில் ஒரு நாற்காலியை ஒதுக்கச் சொல்லித் தன்னுடையதை நிறுத்தினாள்.

கொத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பொருளாளரிடம் ரசீதையும் பேனாவையும் வாங்கி, எழுத்துக் கூட்டி, 'கணக்குத் தீர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.