புரோப்பை எடுக்காதீங்க

…இல்லை, அப்படி ஆரம்பிக்கக் கூடாது, இந்த சர்க்யூட் போர்டை அனுப்பினால் மானம் போய்விடும் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், போன மீட்டிங்கில் சிரித்த மாதிரி, முதலில் அலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், பொறுமையாக, எல்கேஜி வாத்தியார் மாதிரி… கம்பெனி பஸ் பொம்மனஹள்ளியில் நின்றுவிட்டது, முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் இன்னொரு லாரி, டிரைவர் முனிகிருஷ்ணன் தலையை வெளியே நீட்டி, 'ஸ்வல்ப சைடு பிடு குரு' என்று கன்னடத்தில் வழி கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஸ்ரீரஞ்சனி ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். பத்து மணிக்கு மீட்டிங். போர்டில் ஓடும் சிக்னலெல்லாம் சரி என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கான போர்டுகள் கிளம்பும், ரெண்டாயிரமாம் வருஷம் பிறக்கும்முன் அனுப்பியாக வேண்டுமாம், போடாவிட்டால் டீம் லீடர் பதவி வேறு யாருக்கோ… சுதீர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, மேனேஜர் என்றால் அதையெல்லாம் ஒரு சிரிப்பிலேயே சொல்லிவிடலாம்.

கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்ததில் அப்பட்டமாகத் தெரிந்ததே, சிப்பிலிருந்து கிளம்பும் கிளாக் சிக்னல், போர்டுக்கே தாளம் போடும் துடிப்பு, செம்புத் தடத்தின் கடைசிவரை ஓடி, முட்டி, திரும்பி வருகிறது, துள்ளுகிறது, அந்தத் துள்ளலில் எதிர்முனைச் சிப் ஒரு துடிப்பை இரண்டாக எண்ணிவிடுகிறது, எங்கோ பேசிக்கொண்டிருக்கிறவனின் போன் கால் கட்டாகிவிடும். கிளம்புகிற இடத்தில் கடுகு மாதிரி ஒரு ரெசிஸ்டர் வைத்தால் அடங்கிவிடும், ஆனால் போர்டை மறுபடி அடிக்க வேண்டும், தேதி தள்ளிப்போகும், அதுதான் வலிக்கிறது இவர்களுக்கு. நேற்றுக் காலை சுதீர் என்ன செய்தான், எல்லோரையும் லேபுக்குக் கூப்பிட்டு அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் புரோப்பை, அந்த ஊசிமுனை வயரை, தடத்தின் கடைசி முனையில் மாட்டினான், திரையில் அலை சாதுவாக நின்றது. 'பாத்தீங்களா ரஞ்சனி, உங்க சிமுலேஷன் வெறும் வீடியோ கேம். நெஜம் இங்க இருக்கு.' மற்றவர்களிடம் இங்கிலீஷ், கன்னடம், இவளைக் குத்த மட்டும் தமிழ், என்ன பாசம். ராத்திரி வீட்டில் அச்யுத்தாவது… அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், 'அவர் சீனியர், அவருக்குத் தெரியாததா, கையெழுத்தைப் போட்டுட்டு வாயேன்' என்றான். கட்டிய புருஷன், இவள் ஓட்டிப் பார்த்தது எப்போதாவது பொய்த்திருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை அவனுக்கு.

பஸ் நகர்ந்தது. போகட்டும், இன்று பதில் இருக்கிறது. அந்த புரோப்பும் ஒரு சுமைதானே, முனையில் தொங்குகிற குட்டி கெபாசிடர், துள்ளலை அதுவே அமுக்கிவிடுகிறது, நேற்றுச் சாயங்காலம் மாடலில் அதையும் சேர்த்து ஓட்டினாள், சுதீரின் திரையில் வந்த அதே அலை, அச்சு அசல், எடுத்துவிட்டு ஓட்டினால் பழைய துள்ளல். எக்ஸ்சேஞ்சில் போர்டுக்கொரு புரோப்பை மாட்டிக்கொண்டு யார் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்? பிரிண்ட் அவுட் கைப்பையில் இருக்கிறது, மூக்கு உடையும் அவனுக்கு, ஆனாலும் எல்லார் முன்னாலும் வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம், பாவம், அவசரத்தில் கவனித்திருக்க மாட்டான், அவனுக்கு எப்படித் தெரியும்…

எப்படித் தெரியும்? நேற்று மத்தியானம் கஸ்டமர் ஆட்கள் வந்து பார்த்தார்களே, போர்டு ஒரு தப்பில்லாமல் ஓடியது, அவர்கள் வருவதற்கு முன்னால் லேப் டெக்னீஷியன் அசோகன் மேஜையை ஒழுங்குபண்ண வந்து அந்த வயரில் கை வைத்தான், சுதீர் எங்கிருந்தோ ஓடி வந்து, 'அசோகன், புரோப்பை எடுக்காதீங்க, அது அப்படியே இருக்கட்டும்' என்றான். இவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஸ்கோப் அணைந்திருந்தது. திரையில் ஒன்றும் இல்லை, கறுப்பு. அணைந்த ஸ்கோப்புக்கு எதற்கு புரோப்?

எலக்ட்ரானிக் சிட்டி கேட்டுக்குள் பஸ் திரும்பியது, எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். தெரியாதவனுக்கு எப்படிப் புரியவைப்பது என்றுதானே வீட்டிலிருந்து இவ்வளவு தூரமும் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள்… அவனுக்குத் தெரியும், முன்னாலேயே தெரியும், அதனால்தான் கையெழுத்து அவளுடையதாக இருக்க வேண்டும், நாளைக்குப் பழியும் அவளுடையதாக. தெரிந்தவனிடம் என்ன சொல்வது? 'மேடம், எறங்கலையா?' என்று முனிகிருஷ்ணன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார், பஸ்ஸில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.